ஆதிரைக்கு நான் பேசினேன்

முதலில் ஒரு விடுகதை போடுகிறேன், தங்கச்சி. பதில் சொல்லுங்கள், அப்புறம் உங்கள் பேட்டியைத் தொடங்கலாம்.

காலை ஒன்பது மணிக்குப் பிறந்தேன். வீல் என்று அழுதேன். பத்தரைக்கு எனக்கு நாலு வயது, ஐஸ் கேட்டு அடம் பிடித்தேன். பதினொன்றேகாலுக்குக் கல்யாணம். பன்னிரண்டு மணிக்கு மாமியாரோடு சண்டை. அந்த மாமியாரும் நானேதான். ஒரு மணிக்குச் செத்துப் போனேன். ஒன்றேகாலுக்குக் கை கழுவிவிட்டுப் புளிச்சோறு சாப்பிட்டேன். நான் யார்?

பேயா? பேய் புளிச்சோறு சாப்பிடுமா? நீங்கள் பத்திரிகைக்காரர், இதைக்கூடச் சொல்லவில்லையே! டப்பிங் பேசுகிறவள். திரையில் யாரோ வாயசைப்பார்கள். இருட்டு அறையில், மைக் முன்னால் நின்றுகொண்டு, அந்த வாய்க்குப் பொருந்துகிற மாதிரி நான் பேசுவேன். நான் சொன்னது ஒரே நாளில் பேசியது. மூன்று படம், ஐந்து ஆள்.

போனில் பதிவாகிறதா? கொஞ்சம் தள்ளி வையுங்கள். கிட்டே இருந்தால் என் குரல் வெடிக்கும். மின்விசிறியை நிறுத்தட்டுமா? நிறுத்தினால் வியர்க்கும், நிறுத்தாவிட்டால் இரைச்சல் விழும். சரி, நிறுத்துகிறேன். இந்த வீட்டில் வேறு சத்தம் கிடையாது. சாலிக்கிராமத்தில் இவ்வளவு அமைதியான வீடு கிடைக்காது என்று கீழ்வீட்டுக்காரர்கூடச் சொன்னார்.

நாடகம், பாட்டு, சினிமா என்று வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். என் பெயர் பஞ்சவர்ணம். நாடகத்தில் முழுப் பெயரும் இருந்தது. மெல்லிசைக் குழுவுக்குப் போனபோது நோட்டீஸில் இடம் போதாது என்று ‘வர்ணா’ ஆக்கினார்கள். சினிமாவில் ராசி பார்த்து ‘ஸ்ரீவர்ணா’ என்று போட்டார்கள். மூன்றும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

பதின்மூன்று வயதில் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நாடக செட்டில் சேர்ந்தேன். முதல் மாதமே நாயகி வேஷக்காரிக்குத் தொண்டை கட்டிவிட்டது. பந்தலில் ஊரே உட்கார்ந்திருக்கிறது. என்னை ஆர்மோனியக்காரர் முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். அவள் வாயை அசைத்தாள், நான் பாடினேன், வசனமும் பேசினேன். ஒரு ஆளுக்குத் தெரிய வேண்டுமே! மறுநாள் அவள் கழுத்துக்கு மாலை போட்டார்கள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, “என் தொண்டையே நீதான்டி” என்றாள். பதின்மூன்று வயதில் வேறு என்ன வேண்டும்?

அப்புறம் மதுரையில் மெல்லிசைக் குழு. எந்தப் பாடகி பாட்டென்றாலும் அந்தப் பாடகி குரலிலேயே பாடுவேன். “இப்போது வர்ணா சொந்தக் குரலில் ஒரு பாட்டு” என்று ஒரு தடவை அறிவித்துவிட்டார்கள். மேடையில் நின்றேன். எது என் சொந்தக் குரல் என்று சட்டென்று பிடிபடவில்லை. சமாளித்துவிட்டேன், அதை விடுங்கள். அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்தவர்தான் தேவராஜ். என் வீட்டுக்காரர். பேசாத மனிதர். மூன்று வருஷமாக எங்களைப் பிரிந்து திண்டுக்கல்லில் அவர் அக்காவோடு இருக்கிறார், பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக் கொடுக்கிறார். சண்டையா? சண்டை போடக்கூட இரண்டு பேர் பேச வேண்டாமா? “என்ன, மீன் வாங்கட்டுமா? வேண்டாம்கிறீங்களா? சரி, கத்தரிக்காயே வச்சிடறேன்” என்று அவர் பதிலையும் நானே சொல்லித்தான் குடும்பம் நடத்தினேன். ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சினிமா. முதல் படத்தில் நாயகிக்கு அக்கா வேஷம். நல்ல வேஷம், நாலு அழுகைக் காட்சி. படம் வந்ததும் குழுவோடு போய்ப் பார்த்தேன். திரையில் நான் வாயைத் திறக்கிறேன், வேறொருத்தி பேசுகிறாள். “முகம் குடும்பப் பாங்கா இருக்கு, குரல் நாடகக் குரல்” என்று டைரக்டர் மாற்றியிருக்கிறார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? தொழில் அப்படித்தான். படம் விட்டதும் எல்லாரும் புரோட்டா சாப்பிடப் போனார்கள். எனக்குப் பசிக்கவில்லை. சித்திரை வெயில், அதனால் இருக்கும். இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஆனால் ஒரு வார்த்தை குறை சொன்னேனா? இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இதெல்லாம் தாங்கிக்கொள்ள முடியாத விஷயம் இல்லை. அதற்குத்தான்.

சென்னைக்கு வந்த பிறகு அம்மா வேஷம், அண்ணி வேஷம், போலீஸ் ஸ்டேஷனில் அழுகிறவள் வேஷம். கூடவே டப்பிங். குழந்தைக் குரல்தான் என் தனிச் சரக்கு. பால்பல் விழுந்த குழந்தை, விழாத குழந்தை, விழப்போகிற குழந்தை, மூன்றுக்கும் வித்தியாசம் காட்டுவேன். முன்பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு கிராம்பை வைத்துக்கொண்டால் போதும், ஆறு வயதாகிவிடும். டிவியில் ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் “இன்னொண்ணு குடும்மா, இன்னொண்ணு!” என்று ஒரு பையன் கத்துவானே, அது நான். பார்த்தீர்களா, சிரிக்கிறீர்கள். எல்லாருக்கும் அந்தக் குரல் தெரியும்.

என் பெண் ஆதிரைக்குப் பதினொரு வயது. எனக்கு முப்பத்தைந்தில் பிறந்தவள். அவள் குரல் என் மாதிரி இல்லை. கட்டையாக, மெதுவாக வரும். ஒரு கேள்வி கேட்டால் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணலாம், அப்புறம்தான் பதில். தையற்கடைக்காரர் “கை நீளம் எவ்வளவு பாப்பா?” என்று கேட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பார். அவருக்கு வேறு வேலை இல்லையா? “முழங்கை வரைக்கும்” என்று நான் சொல்லிவிடுவேன். சொந்தக்காரர் வந்தாலும் அப்படித்தான், பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டாலும் அப்படித்தான். தாய்க்குத் தெரியாததா?

போன வருஷம் குமரவேல் என்று ஒரு புது டைரக்டர். சின்ன வயது, நல்ல பையன். ஸ்டுடியோ வராந்தாவில் ஆதிரை உட்கார்ந்திருந்தாள். “டீ குடிக்கறியா பாப்பா?” என்று கேட்டிருக்கிறார். அவள் யோசித்து, “நான் பால்தான் குடிப்பேன். ஆனா இப்ப வேணாம்” என்றாளாம். அந்த யோசித்த நேரம் பிடித்துப் போய்விட்டது அவருக்கு. படத்தில் மகள் வேஷம் கொடுத்தார். எட்டுக் காட்சி!

அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கண்ணாடி முன்னால் நின்று வசனம் சொல்லிப் பார்ப்பாள். ஒரு காட்சியில் பஸ் ஸ்டாண்டில் அம்மா அவளை உட்கார வைத்துவிட்டுப் போவாள். “நூறு வரைக்கும் எண்ணு, வந்துடறேன்” என்பாள். இவள், “மெதுவா எண்ணவா, வேகமா எண்ணவா?” என்று கேட்க வேண்டும். இந்த ஒரு வரியை என் பெண் ஒரு வாரம் சொல்லிப் பார்த்தாள். நான் திருத்தப் போனால் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டப்பிங்கும் அவளே பேசினாள். ஒரு சனிக்கிழமை முழுக்க மைக் முன்னால் நின்றாள், எட்டுக் காட்சியும் முடித்தாள். குமரவேல் கைதட்டினார். நான் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். தொழில் சுத்தம் இல்லை. மூச்சு விழுகிறது. வரி நடுவில் நிற்கிறாள். அழ வேண்டிய இடத்தில் அழுகை இல்லை, சும்மா கேட்கிற மாதிரி கேட்கிறாள். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவளுடைய பெண் இப்படியா என்று நாலு பேர் பேச மாட்டார்களா?

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போன பிறகு நான் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

“தம்பி, ஆதிரை வாய்க்கு நான் ஒரு தடவை பேசிப் பாக்கறேன். பிடிக்கலன்னா விட்டுடுங்க.”

“அக்கா, பாப்பா நல்லாத்தானே பேசியிருக்கா?”

“நல்லான்னு யார் சொன்னா? நீங்க கதைக்காரர், உங்களுக்கு அவ முகத்தைப் பாத்தே மனசு நிறைஞ்சுடுது. தியேட்டர்ல கடைசி பெஞ்சுல இருக்கறவனுக்குக் கேக்கணுமே?”

அவர் தலையைச் சொறிந்தார். நான் இரண்டு மணி நேரத்தில் எட்டுக் காட்சியும் பேசி முடித்தேன். எல்லாம் முதல் தடவையிலேயே சரி. பஸ் ஸ்டாண்டு வரியில் ஒரு விம்மல் வைத்தேன் பாருங்கள், ரெக்கார்டிங் பார்க்கிறவர் கண்ணைத் துடைத்தார்.

“அழுகை கொஞ்சம் ஜாஸ்தியோக்கா?” என்றார் குமரவேல்.

“ஜாஸ்தி இல்ல தம்பி, அளவு.”

“பாப்பாவுக்குத் தெரியுமா?”

“நான் சொல்லிக்கறேன்.”

சொல்ல நேரம் கிடைக்கவில்லை. பரீட்சை வந்தது, அப்புறம் எனக்கு ஒரு சீரியல் வந்தது. நாலு மாதம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சி. ஆதிரை தன் வகுப்புப் பெண்கள் பதினொரு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள், கிளாஸ் டீச்சரையும் சேர்த்து. நான் அவளுக்குப் பின் வரிசையில். திரையில் இவள் முகம் வந்ததும் பிள்ளைகள் ஒரே கூச்சல். முகம் வாயைத் திறந்தது. என் குரல் வந்தது.

அப்புறம் ரஃபியா என்று ஒரு வாயாடிப் பெண், நல்ல பெண்தான், “ஏய், இது பிஸ்கட் குரல்டி! உங்கம்மாடி!” என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. டீச்சர் அதட்டினார். யாரோ ஒருத்தி “இன்னொண்ணு குடும்மா” என்றாள். மறுபடியும் சிரிப்பு. ஆதிரை திரையைப் பார்க்கவில்லை. முன் சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டு காட்சியில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. டீச்சர்கூட அழுதார். அதை அவள் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

ஆட்டோவில் வரும்போது வடபழனி சிக்னலில் கேட்டாள்.

“அம்மா, நான் பேசினது எங்க?”

“அது அங்க கம்ப்யூட்டர்ல இருந்திருக்கும்டி. இந்நேரம் அழிச்சிருப்பாங்க. எல்லாத்தையும் சேத்து வைக்க முடியுமா?”

உண்மையைத்தானே சொன்னேன்? குழந்தையிடம் பொய் சொல்லச் சொல்கிறீர்களா?

அன்றிலிருந்து வீட்டில் பேச்சைக் குறைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளை ‘டப்பிங்’ என்று கூப்பிட்டார்களாம், டீச்சர் சொன்னார். அதெல்லாம் நாலு நாளில் மறந்துவிடும். எனக்குத் தொண்டையில்தான் சந்தேகம். தொண்டை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

“என்ன பண்ணுதும்மா?” என்றார் டாக்டர் அவளிடம்.

“பத்து நாளா குரலே வரல டாக்டர். சளி இல்ல. ராத்திரி வாயால மூச்சு விடறா. ஐஸ் சாப்பிடறதில்ல” என்றேன்.

“வலி இருக்கா பாப்பா?”

“இருந்தாலும் சொல்ல மாட்டா டாக்டர், அவ அப்பா மாதிரி.”

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். “தொண்டை சுத்தமா இருக்கு. நீங்க கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?” என்றார். ஏன் வெளியே இருக்க வேண்டும்? எனக்குப் பிடிக்கவில்லை. வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்று கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி சொல்வதை எழுதாதீர்கள். பதிவாகட்டும், எழுத வேண்டாம்.

ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்கு அவள் அப்பா என் போனுக்குக் கூப்பிடுவார். இவர் பேச மாட்டார், அவளும் பேச மாட்டாள், ஆனாலும் இரண்டு பேரும் அரை மணி நேரம் போனைக் காதில் வைத்திருப்பார்கள். அந்த ஞாயிறு போன் வந்தபோது ஆதிரை குளித்துக்கொண்டிருந்தாள். மழை மாதம், வெந்நீர் வைத்துக் குளிப்பாள், நேரமாகும். அந்த மனிதர் காத்திருந்தால் மனசு கஷ்டப்படுவாரே என்று எடுத்தேன். என்னையறியாமல் “அப்பா” என்றேன். ஆதிரை குரலில். கட்டையாக, மெதுவாக.

நானே அசந்துவிட்டேன். அச்சு அசல். அந்தக் குரலைப் படத்தின்போதே பிடித்திருந்தால் குமரவேலும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், பிள்ளைகளும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஒரு பிரச்சினையும் வந்திருக்காது. அன்றைக்கு அதுதான் தோன்றியது.

“சாப்டியா?” என்றார்.

“சாப்பிட்டேம்ப்பா. இட்லி.”

இப்படி ஆறு ஞாயிறு. அவளைக் குளிக்க அனுப்பிவிடுவேன், இல்லையென்றால் கடைக்கு. யாருக்கு என்ன நஷ்டம்? அவருக்குப் பிள்ளை பேசிய சந்தோஷம். இவள்தான் யாரிடமும் பேசுவதில்லையே. ஆறாவது ஞாயிறு அவர், “லீவுக்குத் திண்டுக்கல் வர்றியாம்மா?” என்று கேட்டார். அவ்வளவு நீளமாக அவர் பேசியே நான் கேட்டதில்லை. “வரலப்பா. எனக்கு அம்மா கூடவே இருக்கத்தான் பிடிச்சிருக்கு” என்றேன்.

அவள் மனசில் இருந்ததைத்தானே சொன்னேன்? பெற்றவளுக்குத் தெரியாதா?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கதவுக்குப் பக்கத்தில் ஆதிரை. தலையில் ஈரத் துண்டு. எவ்வளவு நேரமாக நின்றாளோ. துண்டைக் கொடியில் உதறிப் போட்டாள். சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை ரயிலில் அவர் வந்து நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“நேத்து பேசினது யாரு?”

“யாரு? உங்க பொண்ணுதான்.”

“அவ ‘அப்பா’ன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பா. ஆறு வாரமா இழுக்கல. மொதல்ல சளின்னு நெனச்சேன். நேத்து உறுதியாயிடுச்சு.”

கீபோர்டு வாசிக்கிறவர் காது, பாருங்கள்! இருபது வருஷம் கூட வாழ்ந்தேன், என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை இந்த மனிதர். ஒரு மூச்சைக் கண்டுபிடித்துவிட்டு ரயிலேறி வந்திருக்கிறார். அடுத்த மாதம் குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டார். பிள்ளை தன்னிடம் இருக்க வேண்டுமாம். அந்த வீட்டில் என்ன இருக்கிறது? அவரும் அவர் அக்காவும். இரண்டு பேரும் பகல் முழுக்கச் சேர்ந்து பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒரு குழந்தை வளர்கிற வீடா அது?

எனக்குப் பயமே இல்லை என்றால் நம்புவீர்களா? பயம் இருந்தது. வக்கீல் சொன்னார், “பதினொரு வயசுப் பிள்ளை. ஜட்ஜ் அவளையே கேப்பாங்க. அவ சொல்றதுதான் முக்கியம்.” அவள் சொல்வது! அவள்தான் சொல்ல மாட்டாளே. வாரம் முழுக்க அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். “அம்மா கூட இருக்கேன்னு சொல்லு. மெதுவா சொன்னாலும் பரவாயில்ல. நிறுத்தாம சொல்லு.” கேட்டுக்கொண்டாள். தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

போன வெள்ளிக்கிழமை. நீதிபதி ஒரு பெண். கண்ணாடி போட்டவர், கனிந்த முகம். தன் அறைக்கே கூப்பிட்டார். ஆதிரையை நாற்காலியில் உட்கார வைத்தார். நான் பின்னால் நின்றேன். ஒரு தட்டில் மிட்டாய் வைத்திருந்தார்.

“உன் பேர் என்னம்மா?”

ஆதிரை மேஜையைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

“ஆதிரை மேடம். ஆறாங்கிளாஸ் படிக்கறேன்.”

நீதிபதி எழுதத் தொடங்கிவிட்டார். பாதி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார். ஆதிரை வாயைப் பார்த்தார். அது மூடியிருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். சத்தியமாகச் சொல்கிறேன், தங்கச்சி, நான் வேண்டுமென்று செய்யவில்லை. இடைவெளி விழுந்தால் என் வாய் தானாகப் போய்விடுகிறது. நாடகத்தில் அப்படித்தானே பழக்கினார்கள்?

“நீங்க வெளிய இருங்கம்மா” என்றார் நீதிபதி. சிரிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்ப் பெஞ்சில் அவள் அப்பா, கையைக் கட்டிக்கொண்டு. உள்ளே சத்தமே இல்லை. எப்படி இருக்கும்? அவள் பேச மாட்டாள், பேசாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க மாட்டார்கள் என்று மனசுக்கு ஒரு தைரியம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தைக் குரல் கேட்டது. நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை சிரித்தது. வார்த்தை பிடிபடவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. அடுத்த வழக்குக் குழந்தை பக்கத்து அறையில் பேசுகிறது போலிருக்கிறது, என்ன ஒரு தெளிவு என்று நினைத்தேன். டப்பிங்குக்கு நல்ல குரல் என்றுகூட நினைத்தேன். எதிரே பார்த்தால் அவர் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர். இந்த மனிதருக்கு இப்போது என்ன வந்தது என்று எனக்கு எரிச்சல்.

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அந்தக் குரல் அப்போதும் பேசிக்கொண்டிருந்தது. அறையில் நீதிபதியும் ஆதிரையும் மட்டும்தான் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

நீதிபதி எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். “நான் சொல்லல, அவளே சொல்லட்டும்” என்றார். “அம்மா, நீங்க குறுக்க பேசக் கூடாது” என்றார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் இருக்கிறேன் என்று ஆதிரை சொன்னாள்.